அர்த்தம் கேக்க ஆளில்லாத ஃபிரெஞ்சு ஷார்ட்ஃபார்மை மொழிபெயர்க்கறது எப்படி? முழு வழிகாட்டி

ஃபிரெஞ்சு டெக்னிக்கல் மொழிபெயர்ப்புல வாக்கியம் எல்லாம் பெரிய பிரச்சனையே இல்லைங்க, வாக்கியத்துல வினை இருக்கும், முன்ன பின்ன ஏதாவது பிடிமானம் இருக்கும், தட்டுத்தடுமாறியாவது போய் சேர்ந்துடலாம். உயிரை வாங்கறது ரெண்டெழுத்து, மூணெழுத்து ஷார்ட்ஃபார்ம் தான். அதுவும் நம்ம ஒசூர் சிப்காட் பக்கம் இருக்கற சப்ளையர் கம்பெனில இருந்து வர்ற வேலை எப்படி இருக்கும்னா, ஒரு எக்செல் ஷீட், அதுல கட்டத்துக்கு ஒரு ஷார்ட்ஃபார்ம், படம் கிடையாது, மெஷின் பேர் கிடையாது, "அர்ஜென்ட், சாயந்தரம் வேணும்"னு ஒரு மெயில் மட்டும் இருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு பையர் அனுப்பற ஸ்பெக் ஷீட்டும் இதே கதை தான்.

பெங்களூர் போய் அல்லியான்ஸ் ஃபிரான்சேஸ்ல படிச்சுட்டு வந்து இந்த வேலையை ஆரம்பிக்கற பசங்க முதல்ல மாட்டறது இங்க தான், ஏன்னா கிளாஸ்ல இதை யாரும் சொல்லித் தரமாட்டாங்க. அதனால நான் பண்ற முறையை வரிசையா எழுதறேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், எழுத்துகளை நம்ம ஊர் இங்கிலீஷ் உச்சரிப்புலயே எழுதறேன், ஃபிரெஞ்சுக்காரன் அதை வேற மாதிரி சொல்வான், அது பின்னாடி போன்ல பேசற இடத்துல வரும்.

இந்த வேலைல மனசுல வெச்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு தான். தப்பான விரிவாக்கம் படிக்கறதுக்கு தப்பா தெரியாது. வாக்கியத்துல தப்பு பண்ணா படிக்கறவனுக்கு உறுத்தும், திருப்பிக் கேப்பான். ஷார்ட்ஃபார்மை தப்பா விரிச்சா அது சுத்தமான இங்கிலீஷ் வார்த்தையா போய் கட்டத்துல உக்காந்துக்கும், செக் பண்றவரும் தாண்டிப் போயிடுவாரு, கடைசில பேனல் வயரிங் பண்றவன் கைக்குப் போகும்போது தான் வெடிக்கும். அதனால தெரியலைன்னா தெரியலைன்னு பேப்பர்ல தெரியற மாதிரி விடணும், அழகா மூடி வெக்கக் கூடாது. கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் இதுக்குள்ள தான் வரும்.

ஸ்டெப் 1: எழுத்தைத் தேடாதீங்க, பேப்பரைப் பாருங்க

எல்லாரும் முதல்ல பண்றது கூகுள்ல அந்த எழுத்தைப் போட்டு தேடறது. அப்படித் தேடினா எந்த ரெண்டெழுத்துக்கும் பத்து அர்த்தம் வரும், அதுல கேள்விப்பட்ட ஒண்ணை மனசு கப்புன்னு பிடிச்சுக்கும். அதனால முதல்ல கையில இருக்கறது என்ன பேப்பர்னு முடிவு பண்ணுங்க. கொட்டேஷனா, வயரிங் டயாக்ராமா, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டா, ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட்டா, ஆய்வகச் சான்றா? ஃபைல் பேரு, ஷீட்டோட டேப் பேரு, கட்டத்தோட தலைப்பு, அடில இருக்கற டிராயிங் நம்பர், எங்கயாவது ஒரு ஸ்டாண்டர்டு நம்பர், இதுல எது கிடைச்சாலும் எடுத்துக்குங்க. எக்செல்ல மறைச்சு வெச்ச ஷீட்டும் மறைச்ச வரிசையும் இருக்கும், அதையும் திறந்து பாருங்க, பல தடவை பதில் அங்கயே தூங்கிட்டிருக்கும்.

ஹெச்.டி-ன்னு ரெண்டெழுத்து எடுத்துக்குங்க. நம்ம ஊர்ல மின்வாரியம் பக்கம் போற எவனைக் கேட்டாலும் ஹெச்.டி சர்வீஸ், எல்.டி சர்வீஸ்னு சொல்வான், அதனால நமக்கு யோசிக்கவே தோணாது, ஹை டென்ஷன்னு எழுதிடுவோம். ஃபிரெஞ்சுலயும் அது ஓத் தான்ஸியோன், ஹை வோல்டேஜ் தான், அது சரி. ஆனா கொட்டேஷன்ல பி.யு ஹெச்.டி-ன்னு ஒரு தலைப்பு வந்தா அது ஓர் தாக்ஸ், அதாவது வரி சேராத யூனிட் விலை. வரி சேர்ந்த விலைக்கு டி.டி.சி. ஸ்விட்ச்கியர் கொட்டேஷன்னா ஒரே பக்கத்துல மேல ஐட்டம் விவரத்துல ஹை வோல்டேஜ் ஹெச்.டி, வலது பக்கம் விலைல வரி ஹெச்.டி, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்.

இன்னொண்ணு, மின்சார பேப்பர்ல ஹெச்.டி-க்கு பின்னாடி ஏ-வோ பி-யோ ஒட்டி வரும். ஹெச்.டி.ஏ-ன்னா ஏ.சி-ல 1,000 வோல்ட்டுக்கு மேல 50 கிலோவோல்ட் வரைக்கும், ஹெச்.டி.பி-ன்னா 50 கிலோவோல்ட்டுக்கு மேல. பாஸ் தான்ஸியோன், லோ வோல்டேஜ்னா ஏ.சி 1,000 வோல்ட் வரை, டி.சி 1,500 வோல்ட் வரை. ஹெச்.டி.ஏ-வை "மீடியம் வோல்டேஜ்"னு மாத்தி எழுதணுமா வேணாமான்னு கிளையன்ட் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, ஏன்னா இங்கிலீஷ்ல மீடியம்னு சொல்றது பெரும்பாலும் அவங்க ஹெச்.டி.ஏ தான், ஆனா எழுத்துக்கு எழுத்து அது ஹை.

பேப்பரோட தேதியும் பாருங்க. நம்ம ஊர்ல டி.என் 29 போட்ட பழைய லாரி கிருஷ்ணகிரில நின்னா அது தர்மபுரி வண்டின்னு அடிச்சு சொல்ல முடியுமா, 2004-க்கு முன்னாடி ரெண்டும் ஒரே மாவட்டம் தானே, அதே மாதிரி தான் இதுவும். உணவு ஸ்பெக்ல டி.எல்.யு.ஓ-ன்னு இருந்தா அது பழைய பேப்பர், இப்ப அதே விஷயத்துக்கு டி.டி.எம்-ன்னு போடறாங்க, 2014 டிசம்பர்ல அமலுக்கு வந்த ஐரோப்பிய லேபிள் சட்டத்துக்கு அப்புறம் வந்த மாத்தம். ரெண்டுக்கும் "இதுக்குள்ள சாப்பிட்டா தரம் நல்லா இருக்கும்"னு தான் அர்த்தம். டி.எல்.சி-ங்கறது வேற, "இதுக்கு மேல சாப்பிடாதே", பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, பால், பச்சைக் கறி மாதிரி சீக்கிரம் கெடறதுக்கு. டிரம்ல அடைச்ச மாம்பழக்கூழுக்கு டி.எல்.சி-ன்னு வந்திருந்தா அதை அப்படியே மொழிபெயர்த்துட்டு பக்கத்துல ஒரு கேள்வி எழுதுங்க, யாரோ பழைய ஃபார்மை காப்பி பண்ணியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ஸ்டெப் 2: பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க

பாதிக்கு மேல பதில் இங்க தான் கிடைக்கும், இந்த ஸ்டெப்புக்கு நேரம் ஒதுக்குங்க. முதல்ல யூனிட். சி.சி-ன்னா கூரான் கோந்தினு, டி.சி கரண்ட். அதே சி.சி கூர் சிர்க்வி, ஷார்ட் சர்க்யூட்டும் தான். வெறும் சி.சி-யைப் பாத்தா பிரம்மனாலயும் சொல்ல முடியாது. ஆனா 24 வி.சி.சி-ன்னு வோல்ட்டோட ஒட்டி வந்தா 24 வோல்ட் டி.சி, ஐ.சி.சி-ன்னு கரண்ட் குறியோட வந்து பின்னாடி கிலோஆம்பியர் இருந்தா ஷார்ட் சர்க்யூட் கரண்ட். பி.டி.சி-யும் இதே மாதிரி. பின்னாடி கிலோஆம்பியர் வந்தா பிரேக்கரோட பிரேக்கிங் கெபாசிட்டி, பாஸ்கலோ மில்லிபாரோ மீட்டரோ வந்தா பைப்புல, ஃபில்டர்ல வர்ற பிரஷர் டிராப். மனுஷன் பொய் சொன்னாலும் யூனிட் பொய் சொல்லாது.

ஒரு வரியை முழுசா உடைச்சுக் காட்டறேன். ஸ்பேர் லிஸ்ட்ல இப்படி ஒண்ணு வருதுன்னு வெச்சுக்குங்க: "டிஸ்ஜ். 3பி 250 ஏ, பி.டி.சி 36 கே.ஏ, ஓ.எஃப் + எஸ்.டி, எம்.எக்ஸ் 24 வி.சி.சி". டிஸ்ஜ்-க்கு பின்னாடி புள்ளி இருக்கு பாருங்க, ஃபிரெஞ்சுல கடைசி எழுத்தை வெட்டினா தான் புள்ளி வெப்பாங்க, அதனால இது ஒரு வார்த்தையோட முன்பாதி, டிஸ்ஜோன்க்தர், சர்க்யூட் பிரேக்கர். 3பி மூணு போல். பி.டி.சி-க்கு கிலோஆம்பியர் இருக்கு, பிரேக்கிங் கெபாசிட்டி. இப்ப ஓ.எஃப். ஃபேக்டரி பேப்பர்ல ஓ.எஃப்-ன்னா ஓர்த்ர் த ஃபாப்ரிகாசியோன், நம்ம பாஷைல புரொடக்ஷன் ஆர்டர், உற்பத்தி பக்கம் தினமும் வர்ற வார்த்தை அது. ஆனா பிரேக்கர் பக்கத்துல, பிளஸ் குறி போட்டு எஸ்.டி-யோட ஜோடியா வந்தா அது ஓப்பன்-க்ளோஸ் நிலை சொல்ற துணை கான்டாக்ட், எஸ்.டி-ங்கறது ட்ரிப் ஆனதை சொல்ற கான்டாக்ட், எம்.எக்ஸ் ஷன்ட் ட்ரிப் காயில். 24 வி.சி.சி-யைப் பாத்தா காயிலுக்கு டி.சி சப்ளைன்னு தெரிஞ்சுடும். ஒரே வரில இத்தனை ஷார்ட்ஃபார்ம், ஒண்ணு இன்னொண்ணுக்கு சாட்சி சொல்லுது. தனித்தனி கட்டமா வெட்டிக் குடுத்திருந்தா எதையும் சொல்லியிருக்க முடியாது, அதனால கிளையன்ட் கிட்ட வெட்டாத ஃபைலைக் கேளுங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னாலும் கேளுங்க.

இதைவிட எனக்குப் பிடிச்ச வரி ஒண்ணு இருக்கு. "பி.பி ஏ.யு, 2 என்.எஃப், என்.எஃப் இ.என் ஐ.எஸ்.ஓ 13850". பி.பி புஷ் பட்டன். ஏ.யு, அரே துர்ஷான்ஸ், எமர்ஜென்சி ஸ்டாப். முதல் என்.எஃப் நோர்மால்மான் ஃபெர்மே, அதாவது நார்மலி க்ளோஸ்டு கான்டாக்ட், அது ரெண்டு இருக்கு. ரெண்டாவது என்.எஃப் ஃபிரெஞ்சு ஸ்டாண்டர்டு, பின்னாடி வர்ற 13850 எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான ஐ.எஸ்.ஓ ஸ்டாண்டர்டு. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடறவங்க இந்த வரில என்ன ஆவாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ஏ.யு-ல இன்னொரு வம்பு இருக்கு. ஃபிரெஞ்சுல "ஓ"ன்னு படிக்கற சாதாரண வார்த்தையும் அதே ரெண்டெழுத்து தான், நம்ம "க்கு" மாதிரி. வரி முழுக்க பெரிய எழுத்துல இருந்தா, "ரத்தூர் ஓ ஸ்டோக்"னு ஸ்டாக்குக்கு திருப்பி அனுப்பறதும் ஏ.யு-வா தான் கண்ணுக்குத் தெரியும். பெரிய எழுத்துல எழுதும்போது நிறைய பேர் மேல போடற குறியையும் விட்டுடுவாங்க, அதனால ஷார்ட்ஃபார்மா முழு வார்த்தையான்னே சந்தேகம் வரும்.

ஸ்டெப் 3: லெ-வா லா-வா?

வாக்கியத்துக்குள்ள வந்திருந்தா முன்னாடி நிக்கற ஆர்ட்டிகிளைப் பாருங்க, லெ-ன்னா ஆண்பால், லா-ன்னா பெண்பால். இது ஃபிரெஞ்சு நமக்கு ஓசில குடுக்கற உதவி, இங்கிலீஷ்ல கிடையாது. ஷார்ட்ஃபார்மோட பால், அதுல முதன்மையா இருக்கற பெயர்ச்சொல்லோட பால் தான். "லா எம்.இ.எஸ்"னு வந்தா மீஸ் ஆன் செர்வீஸ், கமிஷனிங். "லெ எம்.இ.எஸ்"னு வந்தா உற்பத்தியைக் கண்காணிக்கற அந்த சாஃப்ட்வேர், இங்கிலீஷ்ல இருந்து போனது. அதே மாதிரி "லா பி.டி"ன்னா லோ வோல்டேஜ், "லெ பி.டி"ன்னா போன் த த்ரவாய், ஒர்க் ஆர்டரா இருக்கலாம்.

எல்லா நேரமும் இது கைகொடுக்காது. உயிரெழுத்துல ஆரம்பிச்சா ஆர்ட்டிகிள் வெறும் "ல்"னு சுருங்கிடும், பால் தெரியாது, ஓ.எஃப் அப்படித் தான். பி.ஏ.சி-யோ இன்னும் மோசம், போம்ப் ஆ ஷலேர்னா ஹீட் பம்ப், பீல் ஆ கோம்ப்யூஸ்தீப்ல்னா ஃபியூயல் செல், ஐரோப்பிய யூனியனோட பொது விவசாயக் கொள்கைக்கும் அதே மூணெழுத்து, மூணுமே பெண்பால். அங்க ஸ்டெப் 1-க்கும் 2-க்கும் திரும்பிப் போக வேண்டியது தான், கிலோவாட் பக்கத்துல ரேடியேட்டர் வந்தா ஹீட் பம்ப், ஹைட்ரஜன் வந்தா ஃபியூயல் செல்.

ஸ்டெப் 4: தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கறதை நம்பாதீங்க

தெரியாத ஷார்ட்ஃபார்ம் ஆபத்து இல்லைங்க, தேடுவோம், கேப்போம். தெரிஞ்ச மாதிரி இருக்கறது தான் காலை வாரும். ஏ.பி.ஐ-ன்னு பாத்ததும் ஐ.டி படிச்ச பசங்க சாஃப்ட்வேர்னு நினைச்சுக்குவாங்க, ஃபேக்டரி பேப்பர்ல அது பி.எல்.சி, மெஷினை ஓட்டற கன்ட்ரோலர். டி.ஓ.இ-ன்னா குவாலிட்டி ஆளுங்களுக்கு டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ், ஃபிரெஞ்சு கட்டட வேலைல அது வேலை முடிஞ்சதும் குடுக்கற ஆஸ்-பில்ட் ஃபைல். ஓ.பி.சி-ன்னா நம்ம ஊர் மேஸ்திரிக்கும் தெரியும், சிமெண்ட், அங்க அது சைட்ல எல்லா கான்ட்ராக்டரையும் ஒருங்கிணைக்கற வேலை. இ.பி.சி-ன்னா நமக்கு பெரிய புராஜெக்ட் கான்ட்ராக்ட், அவங்களுக்கு கைப்பிடிக் கம்பி, வலை மாதிரி எல்லாரையும் சேத்துக் காப்பாத்தற பாதுகாப்பு சாதனம், தனி ஆளுக்கு மாட்டற ஹெல்மெட், ஷூ எல்லாம் இ.பி.ஐ. பி.எல்-ன்னா ஏற்றுமதி பண்றவங்க பில் ஆஃப் லேடிங்னு கண்ணை மூடிட்டு எழுதுவாங்க, பெரும்பாலும் அது போன் த லிவ்ரேசோன், டெலிவரி நோட்டு தான், ரெண்டுக்கும் சட்டத்துல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

கூழ் ஃபேக்டரி ஷீட்ல யு.எஃப்.சி-ன்னு வரும், சண்டைப் போட்டி இல்லைங்க, கிராமுக்கு எத்தனை நுண்ணுயிர்க் கூட்டம்னு லேப்ல எண்ற கணக்கு, இங்கிலீஷ்ல சி.எஃப்.யு. இது ஒரு நல்ல சூத்திரமும் கூட. ஃபிரெஞ்சுல பெயர்ச்சொல் முன்னாடி, அடைமொழி பின்னாடி, அதனால எழுத்தோட வரிசை மாறும். டி.என்.ஏ அங்க ஏ.டி.என், எம்.ஆர்.ஐ அங்க ஐ.ஆர்.எம், மின்காந்த இணக்கத்துக்கு நம்ம இ.எம்.சி அங்க சி.இ.எம். புரியாத ஷார்ட்ஃபார்மை ஒரு தடவை எழுத்தை இடம் மாத்திப் படிச்சுப் பாருங்க, சில நேரம் சட்டுன்னு பிடிபடும். ஆனா எச்.ஏ.சி.சி.பி (உணவுப் பாதுகாப்பு முறை) மாதிரி சிலதை அவங்களும் இங்கிலீஷ்லயே வெச்சிருக்காங்க, திருப்பக் கூடாது.

ஸ்டெப் 5: இப்ப தேடுங்க

இவ்வளவுக்கும் அப்புறம் தான் தேடல். ஐரோப்பிய யூனியனோட சொல்வங்கி ஐயாட்டே, கனடா அரசாங்கத்தோட டெர்மியம் பிளஸ், கியூபெக்கோட க்ரான் திக்ஸியோனேர் தெர்மினொலொழீக், மின்சாரம்னா ஐ.இ.சி-ங்கற சர்வதேச மின் தரநிலை அமைப்போட எலெக்ட்ரோபீடியா, நாலும் ஓசி தான். கனடா ஃபிரெஞ்சுல ஃபேக்டரி வழக்கு கொஞ்சம் வேற, அதனால டெர்மியம்ல கிடைச்சதை ஃபிரான்ஸ் பேப்பருக்கு அப்படியே போடாதீங்க, இன்னொரு இடத்துல ஒத்துப் பாருங்க. சட்டம், பாதுகாப்பு சம்பந்தமா இருந்தா யூர்-லெக்ஸ்ங்கற ஐரோப்பிய சட்டத் தளத்துல ஒரே சட்டத்தை ஃபிரெஞ்சையும் இங்கிலீஷையும் பக்கம் பக்கமா வெச்சுப் படிக்கலாம், மெஷினரி டைரக்டிவ் 2006/42 அங்க இருக்கு, மெஷின் மேனுவல் பண்றவங்க அதை ஒரு தடவை முழுசா படிச்சுட்டா பாதி ஆயுசுக்கு உதவும்.

ஆனா என் கணக்குல இதெல்லாத்தையும் விட பெஸ்ட் கேட்டலாக் நம்பர் தான். பார்ட் நம்பருக்கு மொழி கிடையாது. லிஸ்ட்ல பக்கத்து கட்டத்துல ஒரு ஆர்டர் கோடு இருந்தா அதை அப்படியே தேடுங்க, தயாரிப்பாளரோட இங்கிலீஷ் கேட்டலாக்ல அதே பொருள் அவங்களே மொழிபெயர்த்து வெச்ச வார்த்தையோட இருக்கும். எந்த அகராதியும் இதுக்கு ஈடாகாது.

மெஷின் டிரான்ஸ்லேஷன், ஏ.ஐ பத்தி கேப்பீங்க. தாராளமா பயன்படுத்துங்க, ஆனா "இதுக்கு அர்த்தம் என்ன"ன்னு கேக்காதீங்க, அது ஒரு பதிலை அடிச்சு சொல்லும், நம்மளும் அதை நம்பிடுவோம். "இந்தத் துறைல இதுக்கு என்னென்ன விரிவாக்கம் இருக்கலாம், ஒவ்வொண்ணும் எந்த மாதிரி பேப்பர்ல வரும்"னு கேளுங்க. வர்ற பட்டியலை நீங்க தான் சோதிக்கணும், ஒவ்வொண்ணையும் அந்த வரில போட்டுப் பாத்து, எது யூனிட்டோட, பாலோட, பேப்பரோட ஒத்துப்போகுதுன்னு. ரெண்டு ஒத்துப்போச்சுன்னா முடிவு பண்ணாதீங்க, அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 6: கேக்கற விதமா கேளுங்க

இங்க தான் நிறைய பேர் சொதப்பறாங்க. "சார், ஏ.ஆர்-ன்னா என்ன?"ன்னு மெயில் போட்டா பதில் வராது. நடுவுல ஏஜென்சி, அவங்களுக்கு மேல ஒசூர் கம்பெனியோட பர்ச்சேஸ், அதுக்கும் அந்தப் பக்கம் ஃபிரான்ஸ்ல ஒரு இன்ஜினியர், உங்க கேள்வி மூணு கை மாறிப் போகணும், நடுவுல இருக்கற யாருக்கும் அது புரியாது. அதனால ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி எழுதுங்க. ஏஜென்சிக்கு நான் இந்த மாதிரி தான் எழுதுவேன்:

"ஷீட் 2, வரி 48, கட்டம் சி: ஏ.ஆர். இது கார் பாகம் லிஸ்ட்ங்கறதால 'ஆரியேர்', அதாவது பின்பக்கம்னு எடுத்துக்கறேன், மேல வரி 47-ல ஏ.வி, முன்பக்கம் இருக்கு. ஆனா வரி 112-ல 'பி.சி'க்கு (பர்ச்சேஸ் ஆர்டர்) பக்கத்துல வர்ற ஏ.ஆர் 'ஆர்டர் கிடைச்சதுக்கான ஒப்புதல்'னு தோணுது. ரெண்டும் சரின்னா ஆமான்னு மட்டும் எழுதுங்க. வியாழன் மதியத்துக்குள்ள பதில் இல்லைன்னா ரெண்டையும் இப்படியே போட்டு, மஞ்சள் அடிச்சு அனுப்பறேன்."

எங்க இருக்கு, நான் என்ன நினைக்கறேன், எதனால, எப்ப வரைக்கும் காத்திருப்பேன், எல்லாமே அதுல இருக்கு. கேள்வியை ஒவ்வொண்ணா அனுப்பாம ஒரே ஷீட்டா அனுப்புங்க, ரெண்டு தவணைக்கு மேல போனா அவங்களுக்கு எரிச்சல் வந்துடும்.

நேரமும் பாத்துக்குங்க. ஃபிரான்ஸ் வெயில் காலத்துல நம்மள விட மூன்றரை மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல நாலரை. நம்ம காலைல பத்து மணிக்கு அனுப்பினது அவங்க ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம் ஆகியிருக்கும். ஆகஸ்ட் மாசம் கேக்கவே வேண்டாம், பாதி ஃபிரான்ஸ் லீவுல இருக்கும், அந்த மாசத்து வேலைக்கு டெட்லைனை முன்னாடியே பேசிக்குங்க.

போன்ல பேச வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல இருபது கேள்வி தீந்துடும். ஆனா எழுத்து சொல்லும்போது கவனம். அவங்க "ஜே"ன்னு சொன்னா அது நம்ம ஜி, "ஜி"ன்னு சொன்னா அது நம்ம ஜே. "ஈ"ன்னா நம்ம ஐ. "ஆஷ்"னா ஹெச். காதுல கேட்டதை அப்படியே எழுதிக்காம, கால் முடிஞ்சதும் மெயில்ல எழுதி ஒரு தடவை உறுதி பண்ணிக்குங்க.

ஸ்டெப் 7: பதிலே வரலை, ஃபைல் போயாகணும்

நிஜத்துல பாதி வேலை இப்படித் தான் முடியும். அப்ப எல்லா சந்தேகத்தையும் ஒரே தட்டுல வெக்காதீங்க. தப்பா போனா கை போகுமா, காசு போகுமா, இல்ல சும்மா அசிங்கமா தெரியுமா? கடைசி வகையா இருந்தா அதிகமா பொருந்தறதைப் போட்டுட்டு போயிடலாம், உலகம் அழிஞ்சுடாது. முதல் ரெண்டு வகைன்னா விரிக்கவே கூடாது, எழுத்தை அப்படியே விட்டு, பக்கத்துல குறிப்பு எழுதணும்.

என்.சி தான் இதுக்கு கெட்ட உதாரணம். எலெக்ட்ரீஷியனைக் கேட்டா நார்மலி க்ளோஸ்டு. குவாலிட்டில "என்.சி போட்டுட்டாங்க"ன்னா நான்-கன்ஃபார்மன்ஸ், நம்ம ஒசூர் ஷாப்புலயும் அதே பேச்சு தான். ஃபிரெஞ்சுல நோன் கோன்ஃபோர்ம் அது, ஆனா "சம்பந்தமில்லை"ங்கற நோன் கோன்செர்னேவும், "தகவல் தரலை"ங்கறதும் என்.சி தான். இன்ஸ்பெக்ஷன் ஷீட்ல ரிஜெக்ட் ஆன பாகத்துக்கு எதிர்ல இருக்கற என்.சி-யை "சம்பந்தமில்லை"ன்னு போட்டீங்கன்னா, ஓட்டை பாகம் பாஸ் ஆகி லைனுக்குப் போயிடும். இங்க ஒரு வழி இருக்கு. அந்த ஷீட்ல எஸ்.ஓ-ன்னு வேற எங்கயாவது வருதான்னு பாருங்க. எஸ்.ஓ-ன்னா சான் ஒப்ழே, பொருந்தாது. "பொருந்தாது"ன்னு சொல்ல அவங்க கிட்ட எஸ்.ஓ இருக்கும்போது அதே அர்த்தத்துக்கு என்.சி-யையும் போட மாட்டாங்க, அதனால சி, என்.சி, எஸ்.ஓ மூணும் சேர்ந்து வந்தா சரி, சரியில்லை, பொருந்தாதுன்னு தைரியமா எழுதலாம். என்.சி மட்டும் தனியா நின்னா விட்டுடுங்க, குறிப்பு போடுங்க.

தமிழ்ல ஷாப் ஃப்ளோர் போர்டோ ஆபரேட்டர் வழிமுறையோ எழுதறீங்கன்னா இன்னொரு விஷயம். மெஷின் மேல அச்சடிச்சிருக்கற எழுத்தை மாத்த முடியாது. அதனால "அவசர நிறுத்தத்தை அழுத்தவும்"னு மட்டும் எழுதினா ஆபரேட்டர் அண்ணன் மெஷின் மேல அந்த வார்த்தையைத் தேடுவாரு, இருக்காது. "ஏ.யு-ன்னு எழுதியிருக்கற சிவப்பு பட்டனை அழுத்தவும், இது அவசர நிறுத்தம்"னு எழுதுங்க, அந்த எழுத்தை மெஷின்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. ஸ்க்ரீன்ல வர்ற வார்த்தைக்கு எழுத்து எண்ணிக்கை கட்டுப்பாடு இருந்தா, புதுசா நீங்களா ஒரு தமிழ் ஷார்ட்ஃபார்ம் உருவாக்கற வேலையே வேண்டாம்.

மொழிபெயர்க்கவே கூடாத இடம்

பழைய ஃபிரெஞ்சு டிராயிங்ல மெட்டீரியல் கட்டத்துல 42 சி.டி 4-ன்னு இருக்கும். இது ஷார்ட்ஃபார்ம் மாதிரி தெரியும், ஆனா கிரேடு பேரு, தொடக்கூடாது. அந்த பழைய முறைல சி-ன்னா குரோமியம், டி-ன்னா மாலிப்டினம், என்-ன்னா நிக்கல், இப்ப இது 42 சி.ஆர்.எம்.ஓ 4-னு ஐரோப்பா முழுக்க சொல்றது. நம்ம ஒசூர் லேத் பட்டறைல உடனே "இ.என் 19 தானே"ம்பாங்க, கிட்டத்தட்ட அது தான், ஆனா மொழிபெயர்ப்புல அப்படி எழுதாதீங்க. இ.என் 19-ங்கறது பழைய பிரிட்டிஷ் நம்பர், ஃபிரெஞ்சுக்காரனுக்கு இ.என்-ன்னா ஐரோப்பிய ஸ்டாண்டர்டு, குழம்பிடுவான். சமமான கிரேடு சொல்றது இன்ஜினியர் வேலை, வேணும்னா குறிப்புல சொல்லலாம். ஏ.யு 4 ஜி-ன்னு வந்தா எமர்ஜென்சி ஸ்டாப் கிடையாது, ஏ அலுமினியம், யு தாமிரம் சுமார் 4 சதவீதம், ஜி மெக்னீசியம், இப்பத்த 2017ஏ அலாய்.

ஸ்டெப் 8: நாளைக்கு உங்களையே கடிக்காம பாத்துக்குங்க

டிராடோஸோ மெமோக்யூவோ, காசில்லாம ஒமேகா-டி-யோ, எந்த மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர்ல பண்ணாலும் ஷார்ட்ஃபார்ம் மட்டும் இருக்கற கட்டம், பழைய மொழிபெயர்ப்பை சேத்து வெக்கற மெமரில ஏறிடும். அடுத்த வேலைல அதே ரெண்டெழுத்து வந்தா நூறு சதவீத மேட்ச்னு பச்சை கலர்ல தானா நிரப்பிடும், கார் பாகத்து "பின்பக்கம்" கொட்டேஷன்ல "ஒப்புதல் கடிதம்" இருக்க வேண்டிய இடத்துல போய் உக்காரும், பச்சையா இருக்கறதால யாரும் திறந்துகூட பாக்க மாட்டாங்க. அதனால அஞ்சு எழுத்துக்குக் கீழ இருக்கற கட்டத்தை எல்லாம் தனியா ஃபில்டர் பண்ணி, மேட்ச் எவ்வளவு காட்டினாலும் கையால பாருங்க. சொல்பட்டியல்ல எழுத்தையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதினா பத்தாது, எந்த கிளையன்ட், எந்த மாதிரி பேப்பர், யார் உறுதி பண்ணாங்க, இந்த மூணும் சேத்து எழுதுங்க. எம்.எஸ்-க்கு என் பட்டியல்ல கூழ் ஃபேக்டரிக்கு கீழ உலர் பொருள் சதவீதம்னும், மெஷின் கிளையன்ட்டுக்கு கீழ கமிஷனிங்னும் தனித்தனி வரி இருக்கு, ரெண்டும் சேராது.

கடைசியா காசு. ஷார்ட்ஃபார்ம் லிஸ்ட்டுக்கு வார்த்தைக் கணக்குல ரேட் ஒத்துக்காதீங்க. பி.ஏ.சி-ங்கறது கணக்குல ஒரு வார்த்தை, அதை ஹீட் பம்ப்னு உறுதி பண்ண அரை மணி நேரம் போயிருக்கும். மணிக் கணக்குல ரேட் கேளுங்க, கேள்வி ஷீட் தயார் பண்ற நேரத்தையும் அதுல சேத்துக்குங்க, ஃபைல் வாங்கறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதி வாங்கிக்குங்க.